விளையை விற்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாரை அடுத்த ஒரு கிராமம். 2 ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது. மாமனார் 1997-ல் வைத்த மரங்கள். பாதி மரங்களில் பால் குறைந்துவிட்டது, பால் வெட்டுக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டம். வீட்டுக்காரர் 14 வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பி வந்தார். கொழுந்தன், "இனி எல்லாம் செயற்கை ரப்பர்தான், மரத்தை முறித்துவிட்டு பிளாட் போட்டு விற்றுவிடுங்கள்" என்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசியிருக்கிறோம். பெரிய தொகை கேட்கிறார்கள், விளையை விற்றால்தான் கட்ட முடியும். ஆனால் வீட்டுக்காரர் ராத்திரி போனில் வீடியோ பார்த்துவிட்டு, "ஏஐ வந்து இன்ஜினியர் வேலையே இருக்காதாம்" என்று சொல்லி எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கிறார். வரப்போகிற காலம் எப்படி இருக்கும்? நாங்கள் எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ரப்பருக்கு எதிர்காலம் உண்டா, மகள் எதைப் படிப்பது, விளையை விற்பதா என்ற மூன்று கேள்விகளை ஒரே கயிற்றில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். மகள் படிக்க வேண்டுமென்றால் விளை போக வேண்டும் என்று உங்கள் வீட்டில் எல்லோருமே எடுத்துக்கொண்டுவிட்டதுபோல் தெரிகிறது. எனக்கு அந்த முடிச்சின்மேல்தான் சந்தேகம். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடிதத்தில் ஏஐ என்ற சொல் வருகிறது, செயற்கை ரப்பர் வருகிறது, பிளாட் வருகிறது. ஆனால் உங்கள் குடும்பத்தின் அடுத்த பத்து வருடத்தை மாற்றக்கூடிய செய்தி ஒரு வரியில் ஒதுங்கி நிற்கிறது: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. கலந்தாய்வு வழியாக அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு மேல் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்கில் வரும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டணச் சலுகை கிடையாது. அதாவது, இலவசமாகக் கிடைக்க வாய்ப்புள்ள ஒன்றை, விளையை விற்று விலைக்கு வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள்.

உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. 31 வருடம் இந்த மாவட்டத்தில் வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் இருந்தவன் நான். இப்படி எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். புதிய தொழில்நுட்பம் ஒன்று வந்தால் ஊரே அதைப் பற்றிப் பேசுகிறது. அரசாணை ஒன்று வந்தால் பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருமானமும் செலவும் பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியாகத்தான் வருகின்றன.

ஆகவே முதல் வேலை, எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றிதழை வாங்கி வையுங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுப் பிரிவில் இடம் கிடைத்தால் அது உதவும். நாகர்கோவிலை அடுத்த கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரத்தில் இடம் கிடைத்தால் விடுதிக்கும் வேலை இல்லை. எல்லாம் போக இன்னும் பணம் தேவைப்பட்டால் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் வரை பெற்றோரின் கையெழுத்தே போதும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்காமல் அரசின் உத்தரவாத நிதியை வைத்தே வங்கிகள் கொடுக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும். கிளை மேலாளர் விளையின் பத்திரம் கேட்டால், எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இனி, ஏஐ.

உங்கள் வீட்டுக்காரரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் இரண்டு வருடம் செய்துவந்த பல வேலைகளை, சின்னச் சின்ன நிரல் எழுதுவது, பிழை தேடுவது, அறிக்கை தயாரிப்பது போன்றவற்றை, இந்தக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து "இன்ஜினியர் வேலையே இருக்காது" என்ற முடிவுக்கு எப்படித் தாவினார்கள் என்று அந்த வீடியோவில் கேட்டுப் பாருங்கள். சொல்கிறவர் எந்த வருடத்துக்குள் என்று சொல்கிறாரா? எந்த வேலை என்று பிரித்துச் சொல்கிறாரா? அவர் சொன்னது பொய்த்தால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை, அடுத்த வீடியோ போடுவார். விளை போனால் போனது உங்களுடையது.

படிப்பின் பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதே மகளுக்கு என் ஆலோசனை. 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' என்ற பெயர்ப்பலகை மாட்டுவது கல்லூரிக்குச் சுலபம். அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். கணிதம், புள்ளியியல், கணினி அடிப்படை இந்த மூன்றும் பலமாக இருந்தால் சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ் எது படித்தாலும் பிற்பாடு எந்தப் பக்கமும் திரும்பலாம். இவை இல்லாமல் பெயர் மட்டும் புதிதாக இருந்தால், அந்தப் பெயர் பழசாகும்போது கையில் ஒன்றும் இருக்காது. சென்னை ஐஐடி 2020 முதல் இணையவழியில் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு நடத்துகிறது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, தகுதித் தேர்வு ஒன்று உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் பார்க்கலாம்.

ரப்பருக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன்.

2011 ஏப்ரலில் ஷீட் (பாலை உறையவைத்து அடித்துக் காயவைத்த ரப்பர் தகடு) விலை கிலோ 240 ரூபாயை ஒட்டி நின்றது. விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் தென்னையை முறித்து ரப்பர் வைத்தார்கள், மரச்சீனி (மரவள்ளி) நட்ட மேட்டில் ரப்பர் வைத்தார்கள். கடன் கேட்டு வந்தவர்களின் கணக்கையெல்லாம் நான்தான் சரிபார்த்தேன். 2 ஏக்கருக்கு வருடம் சுமார் 1,200 கிலோ, கிலோ 200 என்றே வைத்தாலும் 2,40,000 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கணக்கில் பெருக்கல் பிழை இல்லை. பிழை வேறு இடத்தில் இருந்தது. ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏழு வருடம் ஆகும். நம் ஊரில் வைத்த அதே விலையைப் பார்த்துத்தான் தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஏக்கர் ஏக்கராக வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மரமும் ஒரே சமயத்தில் பால் சுரந்தால் விலை என்ன ஆகும் என்று அன்று நான் கேட்கவில்லை. 2016 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போனது. 2011-ல் வைத்த கன்றுகள் வெட்டுக்கு வந்த 2018-ல் 130-ஐத் தாண்டவே திணறியது. ஷீட் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வட்டி கட்ட வந்து நின்றவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அப்புறம் 2024 ஆகஸ்டில் 2011-ன் உச்சத்தையே தாண்டியது. அதற்குள் பலர் மரத்தை முறித்திருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன். இன்றைய விலையைப் பார்த்து மரம் வைக்கக் கூடாது, இன்றைய விலையைப் பார்த்து மரத்தை முறிக்கவும் கூடாது.

கொழுந்தன் சொல்லும் செயற்கை ரப்பர் புதிய விஷயம் இல்லை. 1942-ல் ஜப்பான் தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களைப் பிடித்தபோது அமெரிக்கா அதைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது. எண்பது வருடம் கழித்தும் உலகத்தில் பயன்படும் ரப்பரில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மரத்துப் பால்தான் இருக்கிறது. லாரி டயரும் விமான டயரும் தாங்க வேண்டிய சூட்டுக்கும் பாரத்துக்கும் இயற்கை ரப்பர் இல்லாமல் முடியவில்லை. மின்சார வண்டிகள் பேட்டரியால் எடை கூடியவை, அவற்றின் டயர் இன்னும் சீக்கிரம் தேய்கிறது. இந்தியா வருடத்துக்குச் சுமார் 14 லட்சம் டன் பயன்படுத்துகிறது. விளைவது எட்டரை லட்சம் டன் அளவில்தான். ரப்பருக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. நாம் கவலைப்பட வேண்டியது விலையைப் பற்றி.

அந்த விலையில் கொள்கைக்கு எவ்வளவு பங்கு என்பதை உங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் இயற்கை ரப்பருக்கு 2015 முதல் இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. வெளிநாட்டு விலை 120 ரூபாய் என்றால் 25 சதவீதமும் 30 ரூபாயும் ஒன்றுதான். விலை 200 ஆகும்போது 25 சதவீதம் 50 ரூபாய். ஆனால் 'எது குறைவோ' என்ற இரண்டு சொல்லால் வரி 30 ரூபாயிலேயே நின்றுவிடும், அதாவது 15 சதவீதம். டெல்லியில் எழுதிய அந்த இரண்டு சொல் திருவட்டாரில் ஷீட் அடிக்கிறவருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் வித்தியாசம் செய்கிறது. இதே கதைதான் கலப்பு ரப்பரிலும் (ரசாயனங்கள் கலந்து வரும் ரப்பர்). அதற்கு 10 சதவீத வரி மட்டும் இருந்ததால் அந்தப் பெயரில் சரக்கு வந்துகொண்டிருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அதையும் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது என்று உயர்த்தினார்கள். கேரள அரசு 2015-ல் கிலோ 150 ரூபாய் என்று ஓர் ஆதார விலை வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தைச் சிறு விவசாயியின் கணக்கில் போடத் தொடங்கியது. பிற்பாடு அதைக் கூட்டவும் செய்தது. அது கேரள விவசாயிக்கு மட்டும். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாடு-கேரள எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மழை, ஒரே மரம், ஒரே பால். நாம் கேட்க வேண்டிய இடம் இது. தனியாகக் கேட்டால் காதில் விழாது. ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் உறுப்பினரா என்று தெரியவில்லை. இல்லையென்றால் இந்த மாதமே சேரச் சொல்லுங்கள்.

தொழில்நுட்பத்தையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைபேசி வந்தபோது என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார். அதுவரை ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் காத்திருப்பார்கள். கடலில் இருந்தே போன் போட்டு எந்தக் கரைக்குப் போகலாம் என்று கேட்க முடிந்ததும் கொட்டுவது நின்றது, கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. மீனவருக்கு வருமானம் கூடியது, வாங்குபவருக்கும் விலை கொஞ்சம் குறைந்தது. அருமையான கதை. ஆனால் எந்தக் கரையிலும் விற்கலாம் என்ற சுதந்திரம் இருந்தவருக்குத்தான் போன் அப்படிப் பயன்பட்டிருக்கும். முன்பணம் வாங்கி ஒரு வியாபாரியிடம் கட்டுப்பட்டவர் பத்துக் கரையின் விலையைத் தெரிந்துகொண்டாலும் ஒரு கரையில்தான் மீனை இறக்க வேண்டும். குளச்சலிலும் தூத்தூரிலும் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரப்பரிலும் அப்படியே. மத்திய அரசின் ரப்பர் வாரியம் தினமும் விலை வெளியிடுகிறது, போனில் பார்க்கலாம். ஆனால் ரப்பர் கடையில் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அந்த விலையால் உங்களுக்குப் பயன் இல்லை. அட்வான்ஸ் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? இருந்தால், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சேமிப்பில் முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

வெட்டுக்கு ஆள் கிடைக்காத பிரச்சினைக்குத் தொழில்நுட்பத்திடம் பதில் இருக்கிறது, அதுவும் விலை குறைந்த பதில். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுவதற்குப் பதிலாக, பட்டையில் ஊக்க மருந்து தடவி வாரம் ஒருமுறை வெட்டும் முறையை ரப்பர் வாரியமே பரிந்துரைக்கிறது. மருந்தின் அளவு கூடினால் பட்டை காய்ந்துவிடும், ஆகவே வாரியத்தின் கள அலுவலரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வெட்டு நாள் நிறைய வீணாகிறது. மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டினால் அந்த நாட்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வாரம் ஒருநாள் என்றால் 2 ஏக்கரை உங்கள் வீட்டுக்காரரே பிரித்துப் பிரித்து வெட்டிவிடலாம். வெட்டு தெரியாவிட்டால் வாரியம் பயிற்சியும் கொடுக்கிறது.

சரி, வரப்போகிற காலம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். மரச்சீனியை நினைத்துப் பாருங்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். நெல் விளையாத மேட்டிலும் விளையும் என்பதற்காக. அறுபது வருடம் கழித்து, 1942-ல் பர்மா ஜப்பான் வசம் போய் அரிசிக் கப்பல் நின்றபோது, திருவிதாங்கூரின் ஏழை வீடுகளில் அடுப்பு எரிந்தது மரச்சீனிக் கிழங்கால். நம் தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். விசாகம் திருநாளுக்கு 1942 தெரியாது. அரிசி ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாக் குடும்பத்தாலும் முடிகிற காரியம்.

உங்கள் வீட்டுக்கு அது என்ன என்று சொல்கிறேன். விளையை விற்பது திரும்ப எடுக்க முடியாத முடிவு. மற்றவை எல்லாம் பாதியில் திருத்திக்கொள்ளக் கூடியவை. ஆகவே விற்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நகர் ஊரமைப்புத் துறை அனுமதி இல்லாத பிளாட் பதிவாகாது. மலையோரக் கிராமம் என்றால் கூடுதல் அனுமதியும் தேவைப்படலாம். கொழுந்தன் அதையெல்லாம் விசாரித்துத்தான் சொல்கிறாரா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

மரங்களுக்கு 28 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, மறுநடவு தேவைதான். 2 ஏக்கரையும் ஒரே வருடத்தில் முறிக்காதீர்கள். பால் குறைந்த மரங்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்த ஏக்கரை முதலில் முறியுங்கள். முறித்த மரத்தின் தடி விற்ற பணம் கிடைக்கும். மறுநடவுக்கு வாரியத்தின் உதவித்தொகை உண்டு, விண்ணப்பிக்கும் காலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கன்று நிழல் கட்டும்வரை மூன்று நான்கு வருடம் இடையில் ஏத்தன் வாழை, செவ்வாழை, அன்னாசி வைக்கலாம். மற்ற ஏக்கரை வாரம் ஒரு வெட்டில் ஓட்டுங்கள். முதல் ஏக்கர் பால் வெட்டும் நிலைக்கு வரும் சமயத்தில் இரண்டாவதை முறிக்கலாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஒரே நாளில் சாய்ந்த விளைகளைப் பார்த்தேன். ஒரே வயது மரம் மட்டும் இருந்த குடும்பங்கள் எழுந்திருக்க வெகுநாள் ஆனது. வெவ்வேறு வயதில் மரம் இருந்தால் காற்றுக்கும் விலைக்கும் அது ஒரு பாதுகாப்பு.

கடைசியாக மகளுக்கு ஒரு வேலை. கலந்தாய்வு தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண் போடட்டும். எத்தனை மரத்தில் பட்டை மிச்சம் இருக்கிறது, எது காய்ந்துவிட்டது, எந்த நாள் வெட்டினார்கள், மழை பெய்ததா, எத்தனை ஷீட், ஒட்டுப்பால் (பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பால்) எவ்வளவு, அன்றைய வாரிய விலை என்ன, கடைக்காரர் கொடுத்தது என்ன. முதலில் பேனாவால், அப்புறம் போனில் அட்டவணையாக. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர் அங்கே போக முடியாது. ரப்பர் எந்த விளையில் வந்தது என்று வரைபடத்தில் இடம் காட்ட வேண்டும். அமலாக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தாலும் அந்த வேலை நம் பக்கம் வரும். போனை எடுத்துக்கொண்டு விளையின் நான்கு மூலையிலும் நின்று இடக்குறிப்பு எடுத்து அதே நோட்டில் எழுதி வைக்கட்டும். இந்த வேலையில் அவளுக்கு நேரம் போவதே தெரியாவிட்டால், தரவு சார்ந்த படிப்பு அவளுக்கு ஒத்துவரும். இரண்டு நாளில் சலித்துவிட்டால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது, எலக்ட்ரானிக்ஸோ வேளாண்மையோ கூடப் பேசிப் பார்க்கலாம்.

அந்த நோட்டின் முதல் மாதப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஏக்கரை முதலில் முறிப்பது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை பிளாட் பேச்சுக்கு யாரிடமும் முன்பணம் வாங்க வேண்டாம்.